ஆட்டோ மைக்ல என் குரல்

கரெக்டா கண்டுபுடிச்சுட்டீங்க மேடம். மெயின் ரோட்ல ஒரு ஆட்டோ மைக் போட்டுக்கிட்டுப் போச்சே, அதுல பேசறது நான்தான். இல்லல்ல, நான் அந்தக் கட்சி இல்ல. நீங்க தேடி வந்த எரிக்கும் நான்தான், பேப்பர்ல போட்டோ வந்த எரிக். உக்காருங்க, சொல்றேன். அந்தச் சேர் வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. மல்லேஸ்வரத்துலருந்து இந்த ஈஜிபுரா வந்து சேர்றதுக்குள்ள பெங்களூர் டிராஃபிக்ல பாதி உசுரு போயிருக்கும். இருங்க, ஃபேன் போடறேன்.

அது பழைய ரெக்கார்டிங். போன அசெம்பிளி எலெக்ஷன்ல பேசினது. அப்ப அண்ணன், அதான் எங்க எம்மெல்லே, எங்க கட்சில நின்னாரு. இங்க பாதி சந்து தமிழ் சந்து. கன்னடத்துல மட்டும் பேசினா நம்மவங்க ஜன்னலைக்கூடத் தொறக்க மாட்டாங்க. அதனால தமிழ் மைக் எப்பவும் என்னோடது. ரவிக்குமார் ஆட்டோ ஓட்டுவான், நான் பின்னால உக்காந்து பேசுவேன். எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா ஓட விடலாம்னு ரவிதான் ஒரு நாள் என்னைப் பேச வெச்சு பென் டிரைவ்ல ஏத்தினான். ஆனா அதை எங்க ஓட விட்டான்? தொண்டை கட்டினா இஞ்சி டீ வாங்கி ஊத்தி மறுபடியும் என்னையேதான் பேச வெப்பான். அண்ணன் ஜெயிச்சாரு. மேல எங்க ஆட்சியும் வந்துச்சு, அப்படி இப்படின்னு தட்டுத் தடுமாறி.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே, நீங்களே எழுதியிருப்பீங்க. அண்ணனும் இன்னும் சில எம்மெல்லேங்களும் ராஜினாமா பண்ணிட்டு ரிசார்ட்ல போய்ப் படுத்துக்கிட்டாங்க. மெஜாரிட்டி போச்சு, ஆட்சி கவுந்துச்சு, அந்தக் கட்சிக்காரங்க வந்து உக்காந்தாங்க. அண்ணன் அங்க சேர்ந்தாரு, அவரு பின்னாடியே வார்டு மொத்தமும் போச்சு, ரவியும்தான். இப்ப பை-எலெக்ஷன்ல அதே அண்ணன், வேற சின்னம். ரெக்கார்டிங்ல நான் அண்ணன் அண்ணன்னுதான் பேசியிருக்கேன், கட்சியும் சின்னமும் ஒரே ஒரு எடத்துலதான் வரும். அதை வெட்டிட்டு எவனோ மூக்கடைச்ச பையனைப் பேச வெச்சு ஒட்டிட்டாங்க, கவனிச்சீங்களா? மத்ததெல்லாம் நான்தான். கடைசியா வருமே, வீட்ல ஒருத்தரையும் விட்டுடாதீங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு, அது நானே யோசிச்சுச் சேத்தது. ரவிக்கு அது ரொம்பப் புடிக்கும். அந்த எடம் வந்தா மட்டும் சவுண்டை ஏத்துவான்.

ஆமா, என்னைக் கேக்காம என் குரலைப் போட்டது தப்புதான், யாரு இல்லைன்னா? எங்க மாவட்டத் தலைவரும் அதான் சொல்றாரு. சாயந்திரம் கம்ப்ளெயிண்ட் டைப் பண்ணி எடுத்துக்கிட்டு வர்றாரு. நான் கையெழுத்துப் போட்டா ஆட்டோவைப் புடிச்சுடுவாங்களாம், ரவி மேல கேஸ் போடுவாங்களாம். ஞாயித்துக்கிழமை மேடைல எனக்குச் சால்வை வேற, விலை போகாத தொண்டன்னு. ஃப்ளெக்ஸ்கூட அடிச்சாச்சு. அதுல என்னை என்னவோ ரோஸ் கலராக்கி வெச்சிருக்காங்க, எங்க தெரு நாயே பாத்துக் கொரைக்கும்.

போடுவேனா மாட்டேனாவா? இருங்க, மொதல்ல தண்ணி குடிங்க.

ரவி யாருன்னா, எப்படிச் சொல்றது. என் வொய்ஃப் குளோரியா தவறினதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடு எனக்கு அவன் வீட்லதான். அவன் வொய்ஃப் ரூபினி, நான் வர்ற வரைக்கும் ரசத்தை அடுப்புலருந்து எறக்காது. நான் சர்ச்சுக்குப் போறவன், அவன் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கறவன். ஆனா என் வீட்டு வாசல்ல கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டறது அவன்தான். இந்தக் கட்சி ஆபீஸ்ல முன்னல்லாம் இந்நேரத்துக்கு நிக்க எடம் இருக்காது மேடம். இப்ப நானும் இந்த ஃபேனும். சும்மா, கன்னடத்துல சொல்ற மாதிரி சும்னே உக்காந்திருக்கேன். சாப்பாடா? ஹோட்டல்ல பார்சல் வாங்கிக்கறேன். அது நல்லாத்தான் இருக்கு. எதிர்ல ஆள் இல்லாம சாப்பிடறதுதான் எறங்க மாட்டேங்குது.

அந்தப் பேப்பர் போட்டோ உங்க போன்ல இருக்கா? காட்டுங்க. ஆங், இதான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையலை பாருங்க. மொகத்துல ஷேவிங். எல்லாரும் கட்சி மாறிப் போற அன்னிக்கு, ஆளே இல்லாத ஆபீஸ்ல, யாராச்சும் இப்படி மாப்பிள்ளை மாதிரி வந்து உக்காருவாங்களா? பேப்பர்க்காரங்க ஒருத்தரும் அதைக் கேக்கலை.

எங்க வழக்கம் என்னன்னா, எங்க போறதா இருந்தாலும் ரவி ஆட்டோ இந்த வாசலுக்கு வரும். ஹாரன் அடிப்பான், நான் ஷட்டரை எறக்கிட்டு ஏறுவேன். ஊர்வலமோ, மீட்டிங்கோ, சாவு வீடோ, எதுவானாலும். அன்னிக்கு அண்ணன் அந்தக் கட்சில சேர்ற விழா, வார்டே பஸ் வெச்சுப் போகுதுன்னு டீக்கடைல பேசிக்கிட்டாங்க. நானும் குளிச்சு, ஷேவ் பண்ணி, வந்து உக்காந்தேன். பஸ் போச்சு. கோஷம் போட்டுக்கிட்டுப் போனாங்க. ஒவ்வொரு குரலும் எனக்குத் தெரியும், இது முனிராஜ், இது பிரபான்னு. ஹாரன் சத்தம்தான் வரலை. நானே போய் ஏறியிருக்கலாம்தான், நீங்க கேக்கறது சரி. இத்தனை வருஷம் கூட்டிக்கிட்டுப் போனவன் கூப்பிடாம, நானா போய் நிக்க மனசு வரலை. வெயில் உச்சிக்கு வந்தப்புறம் ஒரு கேமராக்காரர் வந்தாரு. எல்லாரும் போய்ட்டாங்களே, நீங்க போகலையான்னாரு. போகலைன்னேன். வேற என்ன சொல்றது, போகலைதானே? அதைத்தான் கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க.

மடில ஒரு கவர் தெரியுதா, துணிக்கடைக் கவர்? பெருசு பண்ணிப் பாருங்க. அதுக்குள்ள அந்தக் கட்சித் துண்டு. மொத நாள் சிக்பேட்டைக்குப் போய் நானே வாங்கினேன். எல்லாரும் போட்டுக்கிட்டு நிக்கும்போது நான் மட்டும் வெறுந்தோளோட நின்னா நல்லாருக்காதுல்ல.

ஆமா மேடம். கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். கட்சியாவது ஒண்ணாவது, ரவி ஹாரன் அடிச்சா நான் ஏறிடுவேன். ஏன் அடிக்கலைன்னுதான் இன்னிக்கு வரைக்கும் புரியலை. அவன் சொல்லியிருப்பான்னு இவனும், இவன் சொல்லியிருப்பான்னு அவனும் விட்டிருக்கலாம். இல்ல, எரிக் பெரிய கொள்கைக்காரன், அவன்கிட்டப் போய் இதை எப்படிக் கேக்கறதுன்னு கூச்சப்பட்டிருக்கலாம். எதுவா இருந்தாலும் போட்டோ வந்ததும் முடிஞ்சு போச்சு. இனிமே அவன் எந்த மொகத்தோட இங்க வருவான், நான் எந்த மொகத்தோட அங்க போவேன்?

எழுதறதுன்னா எழுதுங்க, வேணாம்னா விடுங்க, உங்க இஷ்டம். கையெழுத்து மட்டும் நான் போடறதா இல்ல. அந்தக் குரலையும் நிறுத்திட்டா அந்த ஆட்டோல என்னோடதுன்னு என்ன இருக்கு?

ஷ்ஷ், வருது பாருங்க. ரவிதான் ஓட்டறான். தெனமும் இந்தத் திருப்பம் வந்ததும் சவுண்டைக் குறைச்சுடுவான், ஆபீஸைத் தாண்டற வரைக்கும். எனக்குக் கேக்கக் கூடாதாம். இதோ, அண்ணன் பேரைச் சொல்லிட்டேன். இது அந்த மூக்கடைச்ச பையன். இப்ப நான் கூப்பிடுவேன் கேளுங்க, வீட்ல ஒருத்தரையும் விட்டுடாதீங்கன்னு...

குறைச்சுட்டான்.