நட்டுக்கு வைத்த சந்தனம்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுக்காரர் வளைந்துபோன ஸ்பானர் ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

"எல்லாம் சந்தனம் வெச்சதால வந்த வினைங்க" என்றார் பக்கத்து நண்பரிடம். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"காருக்கா?"

"ஆமாங்க. ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுல சக்கரத்துக்கெல்லாம் மஞ்சத்தண்ணி தெளிச்சு, நட்டு ஒவ்வொண்ணுக்கும் சந்தனத்தை அப்பிட்டா. இப்ப டயர் பஞ்சர். நட்டெல்லாம் துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. ஏறி நின்னு மிதிச்சேன், ஸ்பானர்தான் வளைஞ்சுது."

"சந்தனத்தாலதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஒரே ஒரு நட்டு லேசாத் திருப்பினதும் கழண்டுச்சு. அதுக்கு வரும்போது சந்தனம் தீர்ந்துபோச்சுன்னு பூஜையன்னிக்கே சொன்னா."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"எப்படிங்க சொல்றது? சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்கறீங்களான்னு கேப்பா. நாளைக்கு லால்குடியில அவ தம்பிக்குப் பொண்ணு பாக்கணும். கார்லதான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. நண்பர் ஸ்பானரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த பூஜைக்கு என்ன பண்ணுவீங்க?"

"பெருமாளுக்கே எண்ணெய் பூசித் தைலக்காப்பு பண்றது உண்டுல்ல? நம்ம கார் நட்டுக்கும் பண்ணிடலாம்மான்னு நானே ஆரம்பிச்சிடுவேன்."