படிக்கட்டு நகரவில்லை

மணி ஏழாச்சு. நாற்காலியில உட்கார்ந்து உங்களுக்கு முதுகு வலிக்க ஆரம்பிச்சிருக்கும். ஆனா பெற்றோர் கூட்டம்னு கூப்பிட்டு ரேங்க் கார்டை மட்டும் கையில கொடுத்து அனுப்ப எனக்கு மனசில்ல. ஒரு குட்டிக் கதை கேட்டுட்டுப் போங்க. ஒரு போட்டோ எடுத்த கதை.

குருபரன்னு ஒரு போட்டோகிராபர். அவர் மனைவி மெய்யழகி. ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துறாங்க. அவர் படம் எடுப்பார். அவங்க நேரம் குறிப்பாங்க, லென்ஸ் எடுத்துக் கொடுப்பாங்க, திட்டு வாங்குவாங்க. சிரிக்கிறீங்க... சிரிங்க.

ஒரு ஏரி. கரையில ஒரு பழைய ஜமீன் மாளிகை. இருநூறு வருஷம். இடது பக்கம் ஒரு கோபுரம், அஸ்திவாரம் தண்ணிக்குள்ள. வலது பக்கம் ஏரிக்குள்ள இறங்கற படிக்கட்டு. இப்போ அது கல்யாண மண்டபம். மண்டபத்துக்காரர் ஒரு படம் கேட்டார். சூரியன் இறங்கறதுல இருந்து விளக்கெல்லாம் எரியற வரைக்கும்... அத்தனையும் ஒரே படத்துல.

அதை எப்படி எடுப்பாங்க தெரியுமா? எதிர்க்கரையில ஸ்டாண்டை நட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும். அப்புறம் வீட்டுல, கம்ப்யூட்டர்ல, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். கேமரா நூலளவு அசைஞ்சாலும் அடுக்கு ஒட்டாது. அதனால ஸ்டாண்டோட மூணு காலுக்கும் குருபரன் செங்கல் முட்டுக் கொடுப்பார். பக்கத்துல யாரும் நடக்கக் கூடாது.

"தும்மல் வந்தா என்னங்க பண்றது?"

"அந்தப் புளியமரத்தடிக்குப் போய்த் தும்மு."

ஆறு மணி. தண்ணி செம்பு நிறம். ஆறு பத்து... ஆறு இருபது... வெளிச்சம் வடியுது. ஏழு மணிக்கு மாளிகை பூரா சீரியல் பல்பு. உள்ளே ரிசெப்ஷன். கோபுரத்துக்கு அடியிலதான் பந்தி. முந்நூறு பேர்.

ஏழு பத்து. குருபரன் முதல் படத்தையும் இப்போ எடுத்த படத்தையும் மாத்தி மாத்திப் பார்க்கிறார். தூரத்து மலையில ஒரு செல்போன் டவர். முதல் படத்துல அதோட சிவப்பு விளக்கு கோபுர உச்சியை ஒட்டி இருக்கு. இப்போ... நடுவுல ஒரு இடைவெளி.

"ஸ்டாண்டைத் தட்டினியா?"

"நான் கிட்டயே வரலைங்க."

"அப்போ கேமராவுக்குக் கால் முளைச்சுதா?"

"வரலைங்கறேன்ல."

"சரி விடு. வீட்டுக்குப் போய் நேராக்கிக்கறேன். ரெண்டு நிமிஷ வேலை."

ஏழு இருபது. அடுத்த படம். இடைவெளி இன்னும் கூடிப்போச்சு. மெய்யழகி குனிஞ்சு பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஏங்க... கேமரா நகர்ந்திருந்தா, எல்லாமே நகர்ந்திருக்கணும்ல?"

"ஆமா."

"படிக்கட்டு நகரலையே."

படிக்கட்டு அதே இடத்துல. வாசல் அதே இடத்துல. கோபுரம் மட்டும்...

புரியுதா? அசைஞ்சது கேமரா இல்ல. கட்டடம். இருநூறு வருஷமா நின்ன கோபுரம் நகர்ந்துக்கிட்டு இருக்கு. அதுக்கடியில முந்நூறு பேர் சாப்பிடறாங்க.

மண்டபத்துக்காரருக்குப் போன். "சார், உங்க கோபுரம் சாயுது!"

"தம்பி, வேலை நேரத்துல எதுவும் போட்டிருக்கீங்களா?" வச்சிட்டார்.

ஏரியைச் சுத்திப் போக இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். உள்ளே யாரையாவது பிடிச்சு, இடியப்போகுது ஓடுங்கன்னு கத்தச் சொல்லலாமா? ஒரே வாசல். மிதிபட்டே செத்துப்போவாங்க. அப்போ ஒரு பேர் ஞாபகம் வந்தது. கொம்பையா. அந்த ரிசெப்ஷனுக்குப் படம் எடுக்கிறவர். தொழில்ல போட்டிக்காரர். ரெண்டு வருஷமாப் பேச்சில்ல. இருந்தாலும் குருபரன் போன் போட்டார்.

"என்னய்யா, அதிசயமா?"

"கொம்பையா, கோபுரம் சாயுது. என் படத்துல தெரியுது. யாருக்கும் சொல்லாதே. குரூப் போட்டோன்னு எல்லாரையும் முன்னாடி புல்வெளிக்குக் கூப்பிடு."

"...விளையாடலையே?"

"கேமரா மேல சத்தியம்."

மெய்யழகி போனைப் பிடுங்கினாங்க. "அண்ணே, பாத்திரம் கழுவுறவங்களையும் கூப்பிடுங்க. அவங்கள யாரும் போட்டோவுக்குக் கூப்பிட மாட்டாங்க."

ஆபத்துன்னு சொன்னா நம்ம ஆள் நம்புவானா? மாட்டான். போட்டோன்னா? பாதி இலையில எழுந்து வருவான். வந்தாங்க. கொம்பையா நாற்காலி மேல ஏறி நின்னு கத்தறார். "பச்சைப் புடவை அக்கா, பின்னால போங்க... மாமா, தொப்பையை அப்புறம் இழுத்துக்கலாம், முதல்ல பின்னால... இன்னும்... இன்னும் பின்னால..."

ஏழு நாற்பத்து மூணு.

எதிர்க்கரைக்கு முதல்ல சத்தம் வரல. சீரியல் பல்பு வரிசை வானத்துல மெதுவா வளைஞ்சது. அவ்வளவுதான் தெரிஞ்சது. அப்புறம் தண்ணி எழும்புச்சு. அதுக்கப்புறம்தான் சத்தம்.

யாரும் சாகல. பந்தியில இலை போட்டபடி இருந்தது. இலை மேல கல்.

குருபரன் அழல. சந்தோஷப்படவும் இல்ல. அந்தச் செங்கல் மேலயே உட்கார்ந்துட்டார். திரும்பத் திரும்ப ஒரே பேச்சு.

"நேராக்கியிருப்பேன், அழகி. வீட்டுக்குப் போய்... ரெண்டு நிமிஷத்துல நேராக்கியிருப்பேன்."

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்?

உங்க மடியில ஒரு அட்டை இருக்கு. சிலர் அட்டையில போன தடவை எண்பது. இந்தத் தடவை நாற்பத்தொண்ணு. உடனே என்ன யோசிச்சீங்க? டியூஷனை மாத்தலாம். போனைப் பிடுங்கலாம். நேராக்கிடலாம்... இல்லையா?

அதே டீச்சர். அதே புத்தகம். அதே வீடு. எதுவும் நகரல. அப்போ நகர்றது யாரு? ராத்திரி சாப்பிடாம எழுந்து போறது யாரு? கதவைச் சாத்திக்கிறது யாரு? "நான் ஒண்ணும் பண்ணலைம்மா"ன்னு சொன்னப்போ நீங்க நம்பாம விட்டது யாரை?

என் வகுப்பிலேயும் அப்படி ஒரு பிள்ளை இருக்கு. நானும் போன மாசம் அதைத் திட்டினேன். அதனாலதான் இந்தக் கதை.

இன்னிக்கு அட்டையைக் கீழே வைங்க. பிள்ளை பக்கத்துல உட்காருங்க. "என்ன ஆச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க.

சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. ஏழு இருபது.

இன்னும் நேரம் இருக்கு... போங்க.