ஏசுஅடிமை வீட்டுப் பத்தாயம்

செருப்பை வாசலிலேயே கழற்றியதற்கு நன்றி, சார். இந்தக் கறுப்புத் தரை, சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்தது. என் தம்பி ஸ்டெனி இதில் ஷூவோடுதான் நடப்பான்.

எங்கள் பூட்டன் ஏசுஅடிமை கட்டிய வீடு இது. குளச்சலில் கருப்பட்டியும் கொப்பரையும் கப்பலேற்றிச் சம்பாதித்தவர். படிக்கல்லெல்லாம் மயிலாடியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. நடுமுற்றம் இருப்பதால் சித்திரை வெயிலிலும் ஃபேன் வேண்டாம். கல்யாணமே வேண்டாமென்று இதைப் பார்த்துக்கொண்டவள் நான்.

ஸ்டெனி துபாயிலிருந்து வந்ததும் தேக்குத் தூண்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்தான். பாக்கு மென்று முற்றத்துச் சுவரிலேயே துப்புவான். சீ. எச்சிலை நான்தான் துடைத்தேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பொறுத்தேன்.

பிறகு பத்தாயத்துக்கு விலை பேசினான். நெல் போட்டு வைக்கிற மரப்பெட்டி, சார். உள்ளே ஓர் ஆள் குந்தியிருக்கலாம். கோவளத்தில் எவனோ ரிசார்ட்டுக்காரன் அதன்மேல் சாராய பாட்டில் அடுக்கப்போகிறானாம். ஜெபம் பண்ணிவிட்டு நெல் அளந்த பெட்டி.

பலகையில் பொத்தல் உண்டா என்று அந்த ரிசார்ட்டுக்காரன் கேட்டிருக்கிறான். பார்க்க ஸ்டெனியே உள்ளே இறங்கினான்.

"ஜெப்சிக்கா, மூடு. எங்கயாவது வெளிச்சம் வருதான்னு பாக்கேன்."

மூடினேன். கொண்டியையும் மாட்டினேன்.

ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை என்று உள்ளிருந்து சந்தோஷமாகச் சொன்னான். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் காலத்துத் தச்சுவேலை அப்படி.

அப்புறம் திறக்கச் சொன்னான். நான் மேலே உட்கார்ந்து சக்கைக்குரு, அதான் பலாக்கொட்டை, தொலி உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வெளயாடாத. மூச்சு முட்டுது."

விற்கமாட்டேன் என்று வேதத்தின்மேல் சத்தியம் பண்ணினான். சத்தியம் பண்ணக் கூடாதென்று சண்டே ஸ்கூலில் படித்தவன்தான். கடைசியில் உள்பலகையை நகத்தால் பிறாண்ட ஆரம்பித்தான். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. எவ்வளவு நல்ல பலாமரம்.

துபாய்க்குத் திரும்பிவிட்டான் என்று ஊரில் சொன்னேன். அது பொய், ஒத்துக்கொள்கிறேன். இப்போது நாற்றம் மரத்தில் ஊறுகிறது. அதைச் சகிக்க முடியாமல்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணி உங்களைக் கூப்பிட்டேன்.

அந்தக் கான்ஸ்டபிளைக் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், சார். பலகை பிளந்துவிடும். கொண்டியைத் தூக்கினால் போதும், சின்னப் பிள்ளைகூடத் திறக்கலாம்.