நாற்பத்தொன்றாம் பக்கம்

டீ கிளாஸை எதன்மேல் வைக்கிறோம் என்று பலர் பார்ப்பதில்லை. அதற்காக நான் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை, ஐயா. துடைத்துவிட்டுப் போய்விடுவேன்.

பிரெட் கம்பெனியில் மெஷின்களைப் பராமரிப்பது என் வேலை. மாவு பிசையும் மிக்ஸர்கள் மூன்று வந்தபோது, ஓட்டும் முறையைச் சொல்லும் கையேடும் கூடவே வந்தது. அறுபத்து நான்கு பக்கம், வேற்று மொழியில். நாலு மாதம் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதி, படம் வரைந்து, அட்டை போட்டு வைத்தேன். மறுநாளே அட்டையில் டீ வட்டம்.

முதல் மிக்ஸரை ஓட்டியவர் என் அத்தான், அக்கா வீட்டுக்காரர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். தங்கமான மனிதர். ஆனால் எது மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார். பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்பேன்.

“விடு மாப்ள. புக்கைப் படிச்சா நீச்சல் வருமா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, வாயாலேயே சொல்லிக் கொடுப்பேன்.

பிறகு யோசித்தேன். வாயால் சொல்ல நான் ஒருவன் இருக்கும்வரை யார் படிப்பார்கள்? தவறு என்மேல்தான். சொல்வதை நிறுத்தினேன். மெஷின்மேல் ஒட்டியிருந்த சிவப்பு எச்சரிக்கைச் சீட்டுகளையும் சுரண்டி எடுத்தேன். அப்போதும் படிக்கவில்லை. கைப்பழக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மாவு ஊறுவதற்காக மிக்ஸர் நடுவில் இரண்டு நிமிடம் நிற்கும், பிறகு தானாக ஓடும். மூடி திறந்திருந்தால் மட்டும் ஓடாது. அதற்கு மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அதன் இணைப்பைத் துண்டித்தேன். திருட்டுத்தனமாக அல்ல. நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புதிதாக எழுதிச் சேர்த்தேன்: ‘மூடி திறந்திருந்தாலும் மிக்ஸர் ஓடும். மெயினை அணைத்த பிறகே உள்ளே கை விடவும்.’ தடித்த எழுத்து, அடிக்கோடு, தேதி, கையெழுத்து.

“ஒரு தடவை படிச்சிருங்க அத்தான்” என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வை என்றார்.

பதினொரு நாள் பொறுத்தேன். மிக்ஸர் நிற்கும் அந்த இடைவெளியில் மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டிய மாவை அவர் எப்போதும் ஒரு நிமிடத்தில் வழித்துவிடுவார். பன்னிரண்டாம் நாள் காலை, மகள் பரீட்சையில் தேறியதைப் பக்கத்து மிக்ஸர்காரரிடம் சொல்லிக்கொண்டே நிதானமாக வழித்தார். நான் நாலடி தள்ளி நின்றேன். மெயின் சுவிட்ச் என் தோளுக்கு நேரே இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியிருந்தால் அதுவும் வாயால் சொன்னதாகத்தானே ஆகும்?

அத்தானுக்கு வலது முழங்கைக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டது ஒன்றுதான்.

“நீ பக்கத்துலதானே நின்ன? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாடா?”

பக்க எண்ணைச் சொன்னேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இப்போது கம்பெனியில் எல்லாரும் படிக்கிறார்கள், ஐயா. வரிக்கு வரி விரல் வைத்து, வாய்விட்டுப் படிக்கிறார்கள். ஆனால் சாட்சியத்துக்கென்று நாற்பத்தொன்றாம் பக்கத்தை நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துவந்துவிட்டீர்கள். காலை ஷிப்டுக்குள் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். மற்ற இரண்டு மிக்ஸர்களிலும் அதே இணைப்பைத்தான் துண்டித்திருக்கிறேன். அந்தப் பக்கம் இல்லாமல் யாருக்காவது ஏதாவது ஆனால், அதற்கு நான் பொறுப்பில்லை.