அரசிக்கு ஆர் என்ன முறை?

— அரசிக்கும் அரசருக்கும் இடையிலை என்னெண்டு எழுத, மச்சாள்? ஆருக்கு ஆர் என்ன முறை எண்டு நிலத்திலை கீறிப்போட்டுத்தான் சோழி உருட்டி விளையாட்டைத் தொடங்கலாம். போனமுறை கீறாமல் தொடங்கித்தானே நடுவிலை சண்டை வந்தது.

— தூரம் எண்டு எழுதும், மனோ. அரசர் கடல் கடந்து போட்டார்.

— ஐயோ, அது ஜேர்மனிக்குப் போன எங்கடை அண்ணையெல்லோ! விளையாட்டிலையும் உங்கடை புருசனோ?

— எனக்குத் தெரிஞ்ச அரசர் அவர் ஒராள்தான். நீர் உம்மடை ஆளைச் சொல்லும்.

— நான் இளவரசி. அரசரின்ரை தங்கச்சி. கண்டறியாத வடிவு. குதிரையும் ஓடுவாள்.

— எங்கை ஓடுறவள்? வீட்டு முத்தத்துக்குள்ளையோ?

— வேறை எங்கை? தாய் அரசி வெளியிலை விட்டால்தானே. கோதாரி விழுந்த அரண்மனை.

— மெதுவாய்க் கதையும். மாமி வந்தாவெண்டால் ரண்டு பேருக்கும் விழும்.

— அம்மா இப்ப வரமாட்டா.

— விடிய வெளிக்கிட்டவ. எங்கை போனவ?

— அவ எனக்குச் சொல்லிப்போட்டோ போறவ? அந்த ஓட்டுத்துண்டை இஞ்சாலை தாங்கோ. இதுதான் தாய் அரசி. இவவிலையிருந்து உங்கடை அரசிக்கு ஒரு கோடு. என்ன முறை?

— திறப்பு.

— திறப்பெண்டும் ஒரு முறையோ, மச்சாள்?

— இந்த அரண்மனையிலை வேறை முறை இல்லை. படலைப் பூட்டைத் திறக்கிற திறப்பு அவவின்ரை இடுப்பிலை. நெடுந்தீவிலை பூட்டும் வேணுமோ? சுத்திக் கிடக்கிற கடலே காணும்.

— சரி, எழுதியாச்சு. இனி இளவரசியும் அரசியும். சிநேகிதம், என்ன?

— காவல் எண்டு எழுதும்.

— மச்சாள்!

— கேட்டனீர், சொன்னனான். அரசி கிணத்தடிக்குப் போனாலும் இளவரசி பின்னாலை. கோயிலுக்குப் போனாலும் பின்னாலை. "வேலணையிலை அம்மா பாயோடை கிடக்கிறா, ஒருக்காப் பாத்திட்டு ஓடி வாறன்" எண்டு அரசி காலிலை விழுந்து அழேக்கை, இளவரசி குசினியிலை சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவள். வாய் திறக்கேல்லை.

— அது விளையாட்டிலை நடந்ததில்லை.

— இல்லைத்தான். நீர் கோட்டைக் கீறும்.

— கண்ணீர் மறைக்குது, மச்சாள். கீற ஏலாமல் கிடக்கு.

— அழாதையும். நான் உம்மிலை கோவத்திலை சொல்லேல்லை.

— "அவள் தாய் வீட்டுக்குப் போனால் திரும்பி வராள். அவளை வடிவாய்ப் பாத்துக்கொண்டால்தான் உனக்குக் கலியாணம்" எண்டு அம்மா சொன்னவ. பிறகு காரைநகரிலையிருந்து கேட்டு வந்த இடத்தையும் வேண்டாமெண்டு விட்டிட்டா. நான் போனால் உங்களை ஆர் பாக்கிறது? நானும் உள்ளுக்குத்தான், மச்சாள்.

— இதை ஏன் நீர் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?

— சொல்லி? ரண்டு பேரும் சேந்து அழுறதோ? எழும்புங்கோ. சீலையை மாத்துங்கோ.

— ஏன், சோழி உருட்டேல்லையோ?

— சோழி கிடக்கட்டும். பின்வளவுக் கல்வேலியைக் காலமை கழட்டத் தொடங்கினனான். பயத்திலை பாதியிலை விட்டிட்டு வந்துதான் உங்களை விளையாடக் கூப்பிட்டனான். இன்னும் நாலைஞ்சு கல்லுத்தான். கழட்டினால் ஒராள் பூந்து வெளியிலை போகலாம். கடல் கடக்கிற மத்தியான லோஞ்சு இன்னும் துறையிலை நிக்கும்.

— உமக்கு விசரே? மாமி வந்தால் உம்மை உயிரோடை விடுவாவோ?

— அது என்ரை பாடு. கெதியாய், மச்சாள்.

— கொஞ்சம் பொறும், மனோ. உம்மை மாட்டிவிட்டிட்டு நான் ஓட ஏலாது. அவரைக்கொண்டு மாமிக்குச் சொல்லுவிச்சு, வைகாசியிலை முறையாய்ப் போறன். அம்மா எங்கை போப்போறா? என்னைப் பாக்காமல் அவ கண்ணை மூடமாட்டா.

— மச்சாள்... எங்கடை அம்மா விடிய வேலணைக்குத்தான் போனவ. உங்களுக்குத் தெரியக்கூடாது, விளையாட்டுக்காட்டி வைச்சிரு எண்டவ. பின்னேரம் பிரேதம் எடுக்கினம்.