பிளெற்சர் ஆக்கப்பட்ட வேலாயுதர்

அமெரிக்க முப்பாட்டனைத் தேடி ஆறாண்டு அலைந்து, இன்று இணுவில் மண்டபத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்ட வந்திருக்கும் கனடா வாழ் தலைவர், என் பெரியப்பா மகன் இராசநாயகம் அண்ணை அவர்களே! அவை நிறைந்த ஆன்றோர்களே! முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும் குணலட்சுமி மாமி முதலான தாய்மார்களே! பின்வரிசையில் வடைக்காகப் பொறுமை காக்கும் பெருமக்களே! மயூரதனின் வணக்கம்.

துணி மூடிய இந்தக் கல்லை நான் திறக்க வேண்டுமாம். என்ன பொறித்திருக்கிறது? 'ஜோசையா பிளெற்சர், எம் குலமுதல்வர், அமெரிக்கர்.' அடடா, என்ன குலம்! என்ன கோத்திரம்! நேற்றுவரை கத்தரிக்குத் தண்ணீர் இறைத்த குடும்பம், இன்று கடல் கடந்த குடும்பம்!

ஆதாரம்? அமெரிக்க மிஷன் காலத்து விடுதிப் பள்ளி இடாப்பில், அந்தப் பெயர்ப் பதிவேட்டில், எங்கள் வீட்டு வளவின் பெயருக்கு நேரே அந்தப் பெயர் இருக்கிறது. போதாதென்று அண்ணை எச்சிலைச் சீசாவில் துப்பிச் சோதனைக்கும் அனுப்பினார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தென்னாசியா என்று பதில் வந்தது. "மிச்சம் ஒண்டு அமெரிக்காதான்" என்றார் அண்ணை. சிரிக்காதேங்கோ! அந்த ஒன்றுக்குத்தான் இந்தப் பந்தல், இந்தப் பட்டு, இந்த மேளம்!

அதே இடாப்பை நானும் பார்த்தேன். அடுத்த நிரலை அண்ணை ஏன் வாசிக்கவில்லை? 'தகப்பன்: கந்தர், தோட்டம்.' அமெரிக்காவிலிருந்து பிள்ளையின் சோற்றுக்கு உதவியவர், தம் பெயரையே பிள்ளைக்கு வைக்கச் சொல்வார், வைப்பார்கள். அன்றைய வழக்கம் அது. பசியோடு போன கந்தர் மகன் வேலாயுதன், பந்தியிலிருந்து பிளெற்சராக எழுந்தான்.

என்ன அண்ணை, "உது பொய்" எண்டுறியளோ? பொறுங்கோ, காணி உறுதி என்ரை கையிலை கிடக்கு. அறுபது வயதில், உறுதி முடிக்கும் நொத்தாரிசு எழுதிய 'பிளெற்சர்' என்பதைத் தம் கையாலேயே வெட்டிவிட்டு, மேலே 'வேலாயுதர்' என்று ஒப்பமிட்டிருக்கிறார் அந்த மனிதர். அதைக் கண்டபோது நான் அழுதேன், சபையோரே! அவர் உதறிய பெயரையா அவர் ஊரிலேயே நாட்டுவது? அவர் பசியை மறைக்க அவரையே மறைப்பதா? வெட்கம்! வெட்கம்!

என்ன மாமி? உரக்கச் சொல்லுங்கோ. "கல்லைத் திருப்பி வையடா தம்பி. பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு, அதிலை வேலாயுதர் எண்டு பொறிப்பம்." கேட்டீர்களா?

தலைவர் அவர்களே, எழுந்து வந்து ஒரு கை கொடுங்கள், கல் பாரம். ஆ, எழும்பிவிட்டார்! கைதட்டுங்கள்! வேலாயுதரின் பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி. வடை ஆறுகிறது. வணக்கம்.