முத்துச்செல்விக்கு நான் கொடுத்த மடிக்கணினி

தமிழுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவன் நான். இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால் கொடுக்கவில்லை. பொங்கல் விழாவில் வேட்டி கட்டி மைக்கில் பேசுவதோடு நிற்கிறது. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், சிவக்குமார் சார். அந்த உணர்வை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டுகிறேன்.

நம் கோச்சடை அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். யாருக்குக் கணினியில் எது ஓடாவிட்டாலும், "சூரியண்ணே, ஒரு நிமிஷம் வாங்கண்ணே" என்றுதான் குரல் வரும். போய்க் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பேன். அணைத்துவிட்டுப் போடச் சொல்வேன். பாதிக்குப் பாதி சரியாகிவிடும். மீதிக்கு நெட்டைக் குறை சொல்வேன். அதில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

முத்துச்செல்விக்கு ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம். அம்மா ராக்கம்மாள் களையெடுக்கப் போகிறவர். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கலாம் என்று சேர்த்தீர்கள். நான் நான்கு நாளாக முட்டிக்கொண்டிருந்த ஒரு பிழையை, டீ ஆறுவதற்குள் சரிசெய்தாள். "ஒண்ணுமில்லண்ணே, பழைய ஃபைல் ஒண்ணு குறுக்க கெடந்துச்சு" என்றாள். பக்கத்து இருக்கை அருள்பாண்டி எல்லோர் முன்னாலும், "அண்ணே, இனிமே ஒங்களுக்கு ரெஸ்ட்டு" என்றான். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். என் நாற்காலியைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும். போகட்டும், எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. ஒரு நாளில் எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர்.

பிறகு அந்த வெளிநாட்டு வேலை வந்தது. எழுதிய நிரலை அலசிக் குறை கண்டுபிடிக்கும் எஸ்.டி.கே. என்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றை நிறுவி, வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டினால் அவளுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்றீர்கள். புது மடிக்கணினியைத் தயார்செய்து கொடுப்பது என் பொறுப்பு. அந்த எஸ்.டி.கே.யின் கையேட்டைப் படித்திருந்தேன். முழுக்க இல்லை, மூன்றாம் பக்கம் வரை. பயனர் பெயரில் ஆங்கிலம் தவிர வேறு எழுத்து இருந்தால் இது நிறுவப்படாது என்று அந்தப் பக்கத்தில் இருந்தது.

அவள் பெயரைத் தமிழில் போட்டுக் கொடுத்தேன்.

நம் வழக்கப்படி மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோரும் கைதட்டத்தான் கொடுத்தேன். திறந்ததும் திரையில் அவள் பெயர் பெரிதாக வந்தது. உடனே வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினாள். முதியோர் வகுப்பில் எழுத்து கற்றவராம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். "ஏத்தா, ஆபீசுல ஒம் பேர எழுதி வச்சிருக்காக!" என்றார். எழுதியவரைக் காட்டச் சொல்லி, "நல்லாருக்கணும் சாமி" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மரியாதை தெரியாதவன் இல்லை.

திங்கள் முழுக்க நிறுவினாள், நீக்கினாள். செவ்வாயன்று பதிப்பை மாற்றிப் பார்த்தாள், வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தொண்ணூறு சதவீதம் வரை போய் நின்றது. புதனன்று பிழைப்பதிவைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு கேள்விக்குறிகள் இருந்தன.

"அண்ணே, பேரு தமிழ்ல இருக்கதால இருக்குமோ? இங்கிலீஷ்ல வேற யூசர் போட்டுத் தாறீகளா?"

அதற்கான கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

"அம்மா அம்புட்டு ஆசையா வாசிச்சாக. ஒம் பேரு மேலயே ஒனக்குச் சந்தேகமாம்மா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இல்லண்ணே, தப்பா எடுத்துக்காதீக" என்றாள். எடுத்துக்கொள்ளவில்லை. வியாழனன்று சாப்பிடக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் கீழே போய் வடை வாங்கிவந்து கொடுத்தேன்.

வெள்ளியன்று நீங்கள் கேட்டபோது, "நல்ல பொண்ணு சார், பாவம், அடிப்படைதான் கொஞ்சம் பத்தல" என்றேன். பாவம் என்பதை மனதாரத்தான் சொன்னேன். இப்போது அம்மாவோடு அவளும் களையெடுக்கப் போகிறாளாம், அருள்பாண்டி சொன்னான். கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும். திறமையுள்ளவர்கள் எங்கே போனாலும் முன்னுக்கு வந்துவிடுவார்கள்.

போகும்போது மடிக்கணினிக்குள் ஒரு தாளை வைத்துவிட்டுப் போயிருந்தாள். 'இதை அடுத்து எடுப்பவர்களுக்கு: யூசர் பெயரை ஆங்கிலத்தில் போட்டுவிட்டு நிறுவவும். வேறு கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதி, செய்ய வேண்டிய வரிசையையும் கீழே குறித்திருந்தாள். என் பெயர் அதில் எங்கும் இல்லை. அந்தத் தாள்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வருவதற்கு முன்பே நான் அதைப் படம் எடுத்துவைத்திருந்தேன்.

ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அவள் போனதால் வேலை நின்றுவிடக் கூடாதென்று, அதை நானே ஏற்றுக்கொண்டேன். இன்றோடு மூன்று வாரம். அவள் குறித்த வரிசைப்படியேதான் செய்கிறேன். என் கணினியில் என் பெயர் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதிலும் அந்த எஸ்.டி.கே. இன்னும் ஏறவில்லை.